மாமனார் கார் ஏசி

"என்ன மெக்கானிக், உங்க வேலை ஒரு வாரம்கூடத் தாங்காதா?"

மாமனாரின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. தன் வண்டிக்காகக் காத்திருந்த டாக்ஸிக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"அதே கோளாறா மாமா?" என்றான் மருமகன்.

"அதேதான். கிளம்பும்போது ஏசி ஜில்லுனு வருது. இன்ஜின் சூடேறினதும் வெறும் காத்து. போன வாரமும் இதே கதை, அதுக்கு முந்தின வாரமும் இதே கதை. நல்லா ரிப்பேர் பண்றீங்க, போங்க!"

மருமகன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினான்.

ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் பிடிவாதமாக நின்றபோது, மில்லில் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்த அப்பா, "கிரீஸ் கை என்னோட போகட்டும்னு நினைச்சேனே! இனி உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டார்.

சொன்ன சொல் தவறாத மனிதர். இன்றுவரை வீட்டு வாசப்படியை மிதிக்கவில்லை. ஷெட்டில்தான் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார், அதுவும் அவள் மேஜைக்கு நேர் எதிரே.

மகளோடு நேராகப் பேச மாட்டார். மேலே ஓடுகிற ஃபேனோடுதான் பேச்சு.

"இங்க இருக்கறவங்க நேரத்துக்குச் சாப்பிடறதில்ல போலிருக்கு. கன்னமெல்லாம் ஒட்டிப் போய்க் கிடக்கு."

ஃபேனுக்கு ஏது கன்னம்? வாழப் போன இடத்தில் சோறு கிடைக்கவில்லை என்று குத்திக் காட்டுகிறார் என்றே அவளுக்குப் பட்டது.

டாக்ஸிக்காரர் மெல்ல எழுந்தார். "எனக்கும் ஏசி வேலைதாம்மா. ஒண்ணும் அவசரமில்ல, அப்புறமா வரேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு நழுவினார்.

அவள் விறுவிறுவென்று கணவனிடம் போனாள்.

"பாத்தீங்களா, வந்த ஆளும் போயாச்சு! ஃபிட்டரா இருந்தவருக்கு இந்த வேலை தெரியாதா? வேணும்னே வந்து உங்க மானத்தை வாங்குறார். வேற ஷெட்டைப் பாத்துக்கங்கன்னு இன்னிக்கு நானே சொல்லிடறேன்."

"கொஞ்சம் இரு. அந்த ஃபீலர் கேஜை எடு."

கம்ப்ரஸரின் கிளட்ச் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அந்த மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தான். அது லொடலொடவென்று ஆடியது.

"கேப் ஜாஸ்தியா இருக்கு. சூடானா கிளட்ச் எப்படிப் பிடிக்கும்?"

போல்ட்டைக் கழற்றி, பிளேட்டை உருவி, உள்ளேயிருந்து, கேப்பைக் கூட்டிக்கொண்டிருந்த காகிதக் கனத்து வாஷர் ஒன்றை எடுத்தான். பிளேட்டைத் திரும்ப மாட்டி அளந்தபோது தகடு இறுக்கமாக நுழைந்தது. இன்ஜினை ஓடவிட்டான். நன்றாகச் சூடேறிய பிறகும் ஏசி நிற்கவில்லை.

அவள் விடுவதாக இல்லை.

"வாராவாரம் ஒரு வாஷரை எடுக்கறீங்க. கேப் மட்டும் குறையவே மாட்டேங்குது. கம்பெனிக்காரன் உள்ள எத்தனை வாஷர்தான் போட்டிருப்பான்?"

அவன் குனிந்து ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான். அதற்குள் மாமனார் எழுந்து வந்துவிட்டார்.

"மெக்கானிக், கழட்டின வாஷரை எங்கயாவது போட்டுடாதீங்க. என் வண்டிச் சாமான், வழக்கம்போல என்கிட்டயே குடுத்துடுங்க."

"இத்துனூண்டு தகரத்தைக்கூட நம்பி விட்டுட்டுப் போக மாட்டாராமா?"

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கணவன் கையிலிருந்த வாஷரைப் பிடுங்கி, பக்கத்துச் சாக்கடையில் எறியக் கையை ஓங்கினாள். மாமனாரின் முகம் வெளுத்துப் போய்விட்டது.

கணவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"எறிஞ்சிடாதே! வாராவாரம் உங்கப்பா தன் கையாலேயே உள்ள மாட்டிக்கிட்டு வர்றது இந்த ஒரே வாஷரைத்தான். இதுவும் போயிட்டா, உன்னைப் பாக்கறதுக்கு மனுஷன் அடுத்த வாரம் என்ன சாக்கு சொல்லி வருவார், பாவம்?"