ஜன்னலோரத்துக் குரோட்டன்கள்

"காக்கா மௌத்தாகி ரெண்டு மாசம். இத்தாவில இருக்கிற பொம்பளைக்குப் பூந்தோட்டம் கேக்குதா?"

அண்ணன் வீட்டு அறைக்குள் காலை வைத்ததும் அஸ்மியா இதைத்தான் சொன்னாள்.

ஜன்னலோரம் பதினொரு செடிகள். பால்மா டின், பாதியாக வெட்டிய தண்ணீர்ப் போத்தல், புண்ணுக்குப் போடும் களிம்பு வந்த டப்பா. எல்லாம் அப்துல் மஜீத் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது தீர்ந்தவை. அவற்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, குசினிக்குப் பின்னால் அள்ளிய மண்ணை நிரப்பியிருந்தாள் அவர் மனைவி சபூரா.

இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், அவள் வாசல் தாண்ட முடியாது. கட்டில் கிடந்த இடத்தில் இப்போது செடிகள்.

மஜீதின் தங்கை அஸ்மியா விடுவதாக இல்லை. ஏறாவூர் முழுக்க இதே கதைதானாம். அவளுக்கு வெளியில் தலைகாட்ட வெட்கமாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொன்னாள்.

"எங்கட ஊட்டுக்காரரப் பாருங்க மதினி. வெள்ளிக்கு வெள்ளி ஜும்ஆ முடிஞ்ச கையோட காக்காட கபுறடிக்குப் போய் துஆ கேட்டுட்டு வந்துதான் சோத்தில கை வைக்கிறார். நீங்க இஞ்ச மரம் வளக்கிறீங்க."

சபூரா மூன்று டின்களைத் தனியே எடுத்து வைத்தாள். இலையைத் துடைத்தாள்.

"மச்சான் போறது எனக்குத் தெரியும் புள்ள. நீங்க சொல்லுறதக் கேட்டுத்தான் நான் நித்திரை கொள்ளுறன். இந்தக் குரோட்டன் மூணும் வேர் புடிச்சிட்டு. வாற வெள்ளி உங்கட காக்காட கபுறு தலைமாட்டில நட்டுடச் சொல்லுங்க. அவர் வெயில் தாங்கமாட்டார்."

அஸ்மியா மூன்று டின்களையும் எடுத்தாள். பிறகு பையில் போட்டுக்கொண்டு போனாள். போகிற வழியில் நாலு வீட்டில் பையைத் திறந்து காட்டினாள். தன் கணவர் றிப்ஷான்தான் கபுறுக்கு மரம் நடப்போகிறார் என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க சபூரா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோகும்போது பெண்கள் கூடப் போவதில்லை. அவரை அடக்கிய இடத்தை அவள் பார்த்ததே கிடையாது. இனி அங்கே தன் கைபட்டது ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது ஆட்டோ வந்து நின்றது. றிப்ஷான் இறங்கவில்லை. அஸ்மியா மட்டும் வந்து பையை வைத்தாள். மூன்று டின்களும் அப்படியே இருந்தன. இலைகள் வாடித் தொங்கின.

"நடல்லயா?"

அஸ்மியாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடையாளம் ஒண்டு கேட்டு வச்சிச் சொல்லி உட்டிருக்கலாம்தானே, மதினி? காக்காட கபுறு எது எண்டு தெரியாம, பாவம் மனிசன் அரை மணித்தியாலம் வெயில்ல நிண்டுட்டு வாறார்."