பிட்சர் யார் பக்கம்?

பேஸ்பால் இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பொம்மசந்திரா பெண்கள் அணியின் கோச் சேஷகிரிக்கு நிம்மதி போயிற்று. மூன்று வருஷம் பாடுபட்டு அவர் உருவாக்கிய, பந்து வீசும் பிட்சர் மமதா, ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் எதிரணியான அந்த ஊர் அணியின் கேட்சர் ஸ்னேஹாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

மறுநாள் பயிற்சியில் கேட்டார்.

"ஆனேக்கல்ல உனக்கு என்னம்மா வேலை?"

"ஃபைனல் முடியட்டும் சார், சொல்றேன்."

ஆனேக்கல்காரர்கள் இவளை வளைத்துப் போட்டுவிட்டார்கள், நம் ரகசிய சிக்னலெல்லாம் கைமாறிவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"நாளைக்கு நீ ஆட வேண்டாம். டீம்லயும் இருக்க வேண்டாம்."

மமதா கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இறுதிப் போட்டியில் பொம்மசந்திரா படுதோல்வி அடைந்தது. ஆட்டம் முடிந்ததும் ஸ்னேஹா நேராக சேஷகிரியிடம் வந்தாள்.

"அடுத்த சீசன் உங்க டீமுக்கு வந்துடறேன் சார். 'எங்க கோச் மாதிரி யாரும் சொல்லித்தர மாட்டாங்க, வாடி'ன்னு மமதா ஒரு மாசமா என் உயிரை எடுத்துட்டா. ஃபைனல் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். எங்க சார் அவ?"

சேஷகிரி பதறிப்போய் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார்.

எதிர்ப்பக்கம், ஆனேக்கல் கோச் நீட்டிய படிவத்தில் மமதா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.