விழுங்கலாம்

பக்கவாதம் வந்து தேறியதிலிருந்து மிக்கேல்ராஜ் ஒரு மின்னணுக் கழுத்துப் பட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை தயாரா என்று பார்த்து, அது "விழுங்கலாம்" என்று சொல்லும். சொன்னால்தான் விழுங்குவார். ஒருமுறை புரையேறி உயிர் போய்த் திரும்பிய பயம் அவருக்கு.

இன்று மத்தியானம், குழைத்த ரசம்சாதம் வாயில் இருக்கும்போது பட்டை பழுதாகி ஊமையாகிவிட்டது. அவர் அப்படியே உறைந்துபோனார்.

"துப்பிருங்க," என்று கையை நீட்டினாள் மனைவி ரெஜினா.

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். துப்புவதற்கும் பயம். உப்பிய கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. மூச்சு இரைத்தது.

ரெஜினாவுக்கு என்ன தோன்றியதோ, பட்டையின் குரலிலேயே அமைதியாகச் சொன்னாள்: "விழுங்கலாம்."

அவர் குரல்வளை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

அவர் முகம் தெளிந்தது. "இன்னொரு வாய் தா," என்றார்.

ஊட்டினாள். இந்தத் தடவை அவர் பட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தொண்டை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? அவளுக்கு எப்படித் தெரியும்?

சொல்ல வாயெடுத்தாள் ரெஜினா. அவளுக்கு எச்சில்கூட இறங்கவில்லை.