உள்ளங்கையில் மருதாணி

கண்ணாடித்திரையை யாரும் கைவிட மாட்டார்கள் என்று நம்பியே கனகவல்லி வேலை பார்த்த பெரிய கைபேசி நிறுவனம் மூழ்கியது. அவளுக்கு வேலை போனது. உள்ளங்கையில் ஒட்டும் கைபேசி செய்யும் இடத்துக்கு முன்பே மாறிவிட்ட, கூட வேலை பார்த்த சொர்ணம், எதிரிலேயே மாடி வீடு கட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கனகவல்லிக்கு வயிறு எரிந்தது.

தன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் சொர்ணம் கை நீட்டினாள்.

"மருதாணி வச்சு விடுடி. நீதான் சும்மா இருக்கியே."

உள்ளங்கையில் மருதாணி வைத்த தன் அக்கா மகளின் கைபேசி மூன்று நாள் ஊமையாகிக் கிடந்ததைக் கனகவல்லி பார்த்திருந்தாள். அதைச் சொல்லாமல் மருதாணியை உருட்டினாள்.

"துபாய்ல பையனுக்கு லீவு கிடைக்கல. தங்கச்சி கழுத்துல தாலி ஏறுறத இந்தக் கை வழியாத்தான் பாப்பான்."

கனகவல்லி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு சொர்ணத்தின் கையைத் திருப்பினாள்.

"உள்ளங்கை வேணாம்க்கா. புறங்கையில வைக்கிறேன்."