பூஜ்யம் காட்டிய கருவி

“பூஜ்யமா?” என்றாள் ஹலாவத் அக்கா.

எல்முரோத் கருவியை ஒரு தட்டுத் தட்டினான். தட்டினால் சரியாகிவிட அது என்ன பழைய ரேடியோவா? பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது.

எதிரே ஜஹோன்கிரின் கருவி, கலர் திரையும் பச்சை விளக்குமாக, 0.5 என்று பளிச்சிட்டது. அவன் தாஷ்கண்டிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவன். எல்முரோத் பக்கத்து ஊரிலிருந்து ஷேர் டாக்சியில், ஒரு தக்காளிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன்.

போன கோடையில் ஊர்க் குழந்தைகளில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கில் சுருண்டுவிட்டார்கள். அதிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுகிறார்கள். போட்டது குழாய் வரைக்கும் வந்து சேர்கிறதா என்று பார்க்கத்தான் கருவி. 0.5 என்றால் சரியான அளவு, பூஜ்யம் என்றால் குளோரினே இல்லை. குடிநீர்க் குழுத் தலைவியான ஹலாவத் அக்கா, விற்க வந்த இருவரையும் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, தேநீர் ஊற்றி, பிறகு ஆளுக்கொரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, “சோதிச்சுக் காட்டுங்க” என்றிருந்தாள்.

“அவர் கருவிக்கு நாம தேநீர் ஊத்தல அக்கா, அதான் கோவிச்சுக்கிச்சு” என்றார் குழுவில் இருந்த டிராக்டர்காரர் நோர்மத். பந்தலே சிரித்தது. ஜஹோன்கிர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

எல்முரோத்தும் சிரித்து வைத்தான். ‘இந்த ஊரையும் கோட்டை விட்டேன்னா, அப்படியே உன் மாமனார் தர்பூசணிக் கடைக்குப் போயிடு’ என்று காலையில்தான் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளியாவது திட்டிவிட்டு விட்டுவிடுவார். மாமனார் அறிவுரை சொல்வார்.

முதலாளியின் இன்னொரு கவலை, கருவியின் முனைக்கு மாட்டும் கறுப்பு ரப்பர் மூடி. அதைத் தொலைத்தால் தொண்டை கிழியக் கத்துவார். குடை, தொப்பி, ஒருமுறை சைக்கிளைக்கூடத் தொலைத்த எல்முரோத், மூடியை மட்டும் இதுவரை தொலைத்ததில்லை.

“இன்னொரு தடவ முக்கிப் பாரேன் தம்பி” என்றாள் அக்கா. அவள் திரையைப் பார்க்கவில்லை. கிண்ணத்துக்குள்ளேயே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூசு விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முக்கினான். பூஜ்யம்.

“பேட்டரி வீக்கா இருக்கும், பாவம்” என்றான் ஜஹோன்கிர். “நம்ம கருவிய பாருங்க அக்கா, அப்படியே ஆடாம அசையாம பாயிண்ட் அஞ்சு! உங்க ஊர்த் தண்ணி தங்கம்.”

“தங்கமா?” ஹலாவத் அக்கா எழுந்து, அடுப்புப் பக்கம் போய்க் கரி பிடித்த கெட்டிலைத் தூக்கிக் காட்டினாள். “ரெண்டு கிண்ணமும் இதுலேர்ந்து ஊத்தினதுதான். காலைலேர்ந்து தளதளன்னு கொதிச்சு ஆறின தண்ணி. வீட்டுக்கு வந்தவங்களுக்கு நாங்க என்னிக்குப்பா பச்சத் தண்ணி வச்சிருக்கோம்? கொதிச்ச தண்ணில ஏது குளோரினு?”

பந்தலே ஜஹோன்கிரைத் திரும்பிப் பார்த்தது. ஜஹோன்கிரின் கருவி மட்டும் யார் சொன்னதையும் காதில் வாங்காமல் 0.5 என்றே மின்னிக்கொண்டிருந்தது.

“அது... விளம்பரத்துக்காக செட் பண்ணி வச்சது போலருக்கு...” என்று இழுத்தான் ஜஹோன்கிர்.

“விளம்பரத்த எங்க புள்ளைங்களுக்குக் குடிக்கக் குடுக்க முடியாது. ரொட்டிய எடுத்துட்டுப் போ தம்பி, வழில பசிக்கும்” என்றாள் அக்கா. அவன் கார் கிளப்பிய புழுதி அடங்குமுன் நோர்மத் வந்து எல்முரோத்தின் முதுகில் ஓங்கி அறைந்தார். “சிங்கம்டா நீ! ஊரே சிரிச்சும் பூஜ்யத்த விட்டு அசையலியே உன் கருவி!”

எல்முரோத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாமனாரின் தர்பூசணிகள் கண்ணிலிருந்து உருண்டு ஓடின. பெருமையோடு கருவியைத் துடைக்க எடுத்தான். முனையைத் தொட்டதும் கை அப்படியே நின்றது.

கறுப்பு ரப்பர் மூடி முனையிலேயே, கெட்டியாக, பத்திரமாக இருந்தது. இந்த மூடியோடு குளோரின் பீப்பாய்க்குள்ளேயே முக்கியிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

காது மடல் சுட்டது. சொல்லிவிடலாமா? தர்பூசணிகள் திரும்பி உருண்டு வந்தன. குழந்தைகள் குடிக்கிற தண்ணீராயிற்றே. “அக்கா, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தான்.

அவள் அதற்குள் முற்றத்துக் குழாயைத் திறந்து, புதிதாக ஒரு கிண்ணம் நிறையப் பிடித்துக்கொண்டு வந்து, அவன் முன்னால் வைத்துவிட்டுக் குனிந்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்.

“இது பச்சத் தண்ணி தம்பி, இந்தத் தடவையாச்சும் மூடியக் கழட்டிட்டு முக்கு.”