பின்பக்கத்து ஆறு ஷீட்

“இருபது ஷீட்டும் அன்னிக்கு அடிச்ச காத்துலதான் சார் போச்சு. முன்னாடி, பின்னாடி எல்லாமே” என்றார் லியாகத் அலி.

இன்சூரன்ஸ் சர்வேயர் நெல்வின் ஏணியைச் சுவரில் சாய்த்தான். பேரணாம்பட்டில் சூறைக்காற்று அடித்துப் பத்து நாளாகிவிட்டது. அந்தத் தெருவில் அவன் ஏறும் மூன்றாவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை இது. லியாகத் அலி தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருடம் வேலை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. கடன் கொடுத்த பாங்க் வற்புறுத்தியதால் இன்சூரன்ஸும் எடுத்திருந்தார்.

மேலே ஏறியதும் விஷயம் புரிந்துவிட்டது. முன்பக்கம் பதினாலு ஷீட் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்த் தெருவில் நொறுங்கிக் கிடந்தன. பின் அறையின் மேல் இருந்த ஆறும் அசையாமல் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்த விரிசல்கள் பழையவை. ஓரமெல்லாம் கறுத்துப் பாசி பிடித்திருந்தது. பல தடவை தார் பூசி அடைத்திருக்கிறார்கள்.

நெல்வின் இறங்கி வந்தான். லியாகத் அலி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“பாய், நான் மேல பாத்ததை விடுங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க உங்களைப் போட்டுக் குடுத்துட்டாங்க” என்று அவன் ஃபைலைத் திறந்தான்.

ஃபைலில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு இருந்தது. அதைத் தமிழில் சொன்னான். பின்பக்கத்து ஆறு ஷீட்டும் பல வருடங்களாக உடைந்து ஒழுகுபவை, புயல் சேதத்தில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. இந்த ஃபைலை நான் பார்க்க இயலாது, வேறு அதிகாரியிடம் கொடுக்கவும். கீழே கையெழுத்து.

“எழுதுறதையும் எழுதிட்டு, ஃபைலை அடுத்த டேபிளுக்குத் தள்ளிட்டாங்க பாருங்க” என்றான் நெல்வின்.

லியாகத் அலியின் முகம் மாறியது. யார் எழுதியது என்று மெதுவாகக் கேட்டார். வேலூர் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிற மேடம், சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றான் அவன்.

அவர் ஃபைலை வாங்கி அந்தக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவி மஹ்பூபியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாளும் குனிந்து, கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். புகார் எழுதப் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள் என்று நெல்வின் நினைத்தான். அவனுக்கும் அதில் சந்தோஷம்தான். மேடம் அவனுடைய ரிப்போர்ட்டுகளில் மூன்றைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மனதில் இருந்ததை அவனும் கொட்டிவிட்டான். ஆம்பூர் ஷூ கம்பெனி முதலாளி ஒருவர் பங்களாவில் எப்போதோ உடைந்த ஓடுகளையும் புயல் கணக்கில் கேட்டார். பெரிய இடத்திலிருந்து போன் வந்தது. மேடம் அசையவில்லை. சரியான அளவோடு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

“முதலாளி கோவமா போய்ட்டாரா?” லியாகத் அலி இன்னொரு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கத்திட்டுப் போனாரு. இவங்க குரலே ஒசத்தல.”

ஆபீஸில் மற்றவர்கள் அந்த மேடத்தை மதிக்கிறார்களா என்று மஹ்பூபி கேட்டாள். மேனேஜரே அவங்களைக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடறார் என்று அவன் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டான். அவள் உள்ளே போய் டீயும் ஒரு தட்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

டீயைக் குடித்துவிட்டு நெல்வின் குரலைத் தாழ்த்தினான்.

“பாய், இதுக்கெல்லாம் பேஜார் ஆவாதீங்க. ஏணி ஏறினவன் நான். நான் இருபதுன்னு எழுதினா இருபதுதான். மழை வர்றதுக்குள்ள முழுக் கூரையும் போட்டுக்கோங்க.”

அவன் நிஜமாகவே செய்வான். பாதி அவருக்காக, பாதி மேடத்தின் மேல் இருந்த கடுப்பில்.

லியாகத் அலி பின் அறையைத் திரும்பிப் பார்த்தார். வருடா வருடம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்ட கூரை. இப்போது விட்டால் இன்னும் எத்தனை மழைக்காலம் தார்ப்பாயோடு போகுமோ. மஹ்பூபி அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

“பதினாலுன்னே எழுதுங்க சார்” என்றார்.

ஜெராக்ஸ் கடையில் ஃபார்ம் நிரப்பியவன் மொத்தத்தையும் போடச் சொன்னதாகவும், ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்றும் சொன்னார். ஃபார்மை வாங்கி இருபதைத் தானே அடித்துப் பதினாலு என்று எழுதினார். தோளை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆறு ஷீட்டை இழந்தவர் மாதிரியே தெரியவில்லை.

நெல்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை எடுத்தவன் கிளம்பாமல் நின்றான்.

“மேல ஏறிப் பாத்ததாலதான் எனக்கே தெரிஞ்சுது. வேலூர்ல ஒக்காந்துக்கினு அந்த மேடத்துக்கு எப்டித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல.”

பதில் மஹ்பூபியிடமிருந்து வந்தது.

“தெரியாம இன்னா சார், அந்த ஆறு ஷீட்டுக்குக் கீழ பக்கெட்டு வச்சிக்கினுதான் பன்னண்டாவது பரீட்சைக்குப் படிச்சா எங்க பொண்ணு.”