கொடுத்தே பழகிய வாய்

லோயிசா கடற்கரையில் விறகடுப்புப் புகை வெயிலில் நீலமாகச் சுருள்கிறது. எவுலாலியாவின் கடையில் எனக்கான நண்டு வடை எண்ணெயில் முறுகிக்கொண்டிருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் பாஸ்டர் மிக்தாலியா நிற்கிறார். அங்கி இல்லை, வெறுங்காலில் ஈர மணல். “சபைக்கு லீவு போட்டு வந்தீங்களே, கடல் ஏதாச்சும் பேசுச்சா பாஸ்டரம்மா?” என்று எவுலாலியா சீண்டுகிறாள். “அலைதான் பேசுது. ஜெபத்துக்கு உக்காந்தா மனசு வெறிச்சுனு கெடக்குக்கா.” தேங்காய்க் கூடையோடு எவுலாலியாவின் மகள் வருகிறாள். இங்கே பெற்றவளைக் கண்டதும் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்கிறாள்: “ஆசி குடும்மா.” “கடவுள் ஆசீர்வதிப்பார்” என்று முந்திக்கொள்கிறது பாஸ்டரின் வாய். “அட, பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல!” என்கிறாள் எவுலாலியா. வரிசையே சிரிக்கிறது. பாஸ்டரும் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. பொட்டலத்தை வாங்கியும் அவர் நகரவில்லை. “எங்கம்மா போனப்புறம் எனக்கு இதச் சொல்ல ஆளில்லக்கா. ஆசி குடுங்க.” எவுலாலியா கரண்டியை வைத்துவிட்டு, மாவு படிந்த கையை அவர் தலையில் வைக்கிறாள். “கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாரு, மகளே.” என் வடை கருகுகிறது; கருகட்டும். பாஸ்டர் மூடிய கண்ணைத் திறக்காமல் சொல்கிறார்: “இன்னொரு தடவை சொல்லுங்கக்கா.”